பதினோரு கையெழுத்து

நாகஜோதி செய்த பிழை, மாதச் சம்பளம் வாங்கியதுதான். முதுகுளத்தூருக்குத் தெற்கே உள்ள அவளுடைய ஊரில் ஒன்றாம் தேதி பிறந்தால் கணக்கில் பணம் ஏறுகிற ஆள் வேறு யாரும் கிடையாது. அவள் கிராம சுகாதார நர்ஸ். சம்பளம் இருந்ததால் பான் கார்டு இருந்தது. யாருக்கும் பாக்கி வைக்காத ஒரு வங்கிக் கணக்கும் இருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வினை வீடு தேடி வந்தது.

ஐந்து வருஷத்துக்கு முந்தி மழை ஏமாற்றிவிட்டது. மிளகாய்ச் செடியெல்லாம் பூவோடு கருகின. கண்மாய்க் கரையை ஒட்டி நிலம் வைத்திருந்த பதினோரு குடும்பங்கள் மட்டும் ஒரே என்ஜினை மாற்றி மாற்றி வைத்து, கடைசித் தண்ணீரையும் இறைத்து, பாதி வெள்ளாமையைக் காப்பாற்றினார்கள். வத்தல் வரத்து இல்லாததால் விலை தாறுமாறாக ஏறியது. ஆனால் வியாபாரி ரொக்கம் தர மறுத்தார், வங்கியில்தான் போடுவேன் என்றார். பதினோரு பேருக்கும் பயிர்க்கடன் நிலுவையில் இருந்தது. அவரவர் கணக்கில் பணம் விழுந்தால் வங்கிக்காரர்கள் அப்படியே பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்தார்கள். வழி கண்டுபிடித்தவர் நாகஜோதியின் அப்பா மூக்கையா. மகள் கணக்கு சும்மாதானே கிடக்கிறது என்றார்.

பதினேழு லட்சம் வந்தது. நாலைந்து நாளில் மொத்தத்தையும் எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். மூக்கையா கோயில் வாசலில் உட்கார்ந்து மூட்டைக் கணக்குப்படி பங்கு வைத்தார். ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வோமா என்று நாகஜோதி கேட்டபோது அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"அங்காளி பங்காளிக்குள்ள கையெழுத்து வாங்க, நாம என்ன வட்டிக்கடையா வச்சிருக்கோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

வருமான வரித் துறைக்கு அங்காளியும் தெரியாது, பங்காளியும் தெரியாது. ஒரு நர்ஸின் கணக்கில் பதினேழு லட்சம் எப்படி வந்தது என்று கேட்டது. இவள் சொன்ன பதிலுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட ஆதாரம் இல்லை. கணக்கில் வராத பணம் என்று முடிவு கட்டி, பதிமூன்று லட்சத்துச் சொச்சம் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. மேல்முறையீடு போட்டாள். அது முடியும்வரை வசூலை நிறுத்திவைக்க ஒரு பங்கு கட்டவேண்டும் என்றார்கள். சங்கிலியும் வளையலும் அடகுக்குப் போயின. வழக்கு போட்ட இடத்திலேயே கிடந்தது, வருஷம்தான் ஓடியது. ஒவ்வொரு ஜூலையிலும் புதுக் கணக்குத் தாக்கல் செய்வாள். சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரவேண்டும், ஆனால் பழைய பாக்கி அதை வழியிலேயே விழுங்கிவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கும் கணவன் தர்மராஜிடம் புலம்பினால், உங்க அய்யா வச்ச வினைக்கு நான் என்ன பண்ணட்டும் என்பான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

இந்த ஜூலையில் கழுத்துச் சுருக்கு நன்றாக இறுகியது. வரிக் கணக்கு எழுதித் தரும் நாகேந்திரனை ஊரார் ஆடிட்டர் என்பார்கள். அவர் பரமக்குடிக்கு வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னார். மேல்முறையீட்டில் கடிதம் வந்திருக்கிறது. பணம் பதினோரு குடும்பத்துடையது என்றால், அவர்கள் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். முப்பத்தொன்றாம் தேதி கடைசி நாள். இந்த வருஷக் கணக்குத் தாக்கலுக்கும் அதே நாள்தான் கடைசி.

கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அந்த நெலத்தையெல்லாம் நீங்களே குத்தகைக்குப் பிடிச்சு வெவசாயம் பண்ணதா சொல்லிரலாம் மேடம். வெவசாய வருமானத்துக்கு வரி கெடையாது. ஆனா இந்த வருஷக் கணக்குலயும் ஒரு தொகை காட்டணும். இங்க சைபர் போட்டா அங்க சொன்னது பொய்யாயிரும்."

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்கு வருஷா வருஷம் தீனி போட்டு வளர்க்கவேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. முதலில் கையெழுத்தைக் கேட்டுப் பார்ப்போம் என்று பதினோரு கடிதங்களை அச்சடித்து வாங்கிக்கொண்டாள்.

அப்பாவிடம் ஒரு கடிதத்தை நீட்டினாள். மத்தவங்க போடட்டும், கடைசியில் நான் போடுகிறேன் என்றார். மற்ற பத்து வீட்டுக்கும் நடந்தாள். அவள் போகாத வீடில்லை, ரத்த அழுத்தம் பார்க்காத ஆளில்லை. வந்ததும் மோர் கொடுத்தார்கள். கடிதத்தை எடுத்ததும் ஆளாளுக்கு வேலை வந்துவிட்டது. ஒருவர் கண்ணாடி இல்லை என்றார், ஒருவர் மகனைக் கேட்கவேண்டும் என்றார், ஒருவர் கொல்லைப்புறமாக எழுந்து போய்த் திரும்பவே இல்லை. கருத்தம்மாள் அவளுக்கு அத்தை முறை. கருத்தம்மாளின் மகளுக்கு நடுவழியில் ஆம்புலன்ஸிலேயே பிரசவம் பார்த்தவள் நாகஜோதி. கருத்தம்மாள் இவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கையெழுத்து மட்டும் கேக்காத ஆத்தா. என் உசுரக் கேளு, தாரேன்."

உயிர் தரத் தயாராக இருந்த ஊரில் ஒரு கையெழுத்து கிடைக்கவில்லை. எதற்கு இப்படிப் பயப்படுகிறார்கள் என்று அவளுக்குப் பிடிபடவும் இல்லை. இனி வேறு போக்கில்லை, குத்தகை என்றே சொல்லித் தொலைப்போம் என்று துணிந்துவிட்டாள். அதற்கு நிலத்தில் மிளகாய் விளைந்ததாகப் பயிர்ப் பதிவு வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் சுகந்தியிடம் போய்க் கேட்டாள்.

சுகந்தி பதிவேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்த வருஷம் அந்த ஊரில் மிளகாய் மகசூலே கிடையாது, மொத்தமும் வறட்சியில் போனதாகப் பதிவாகி நிவாரணமும் கொடுத்தாயிற்று என்றாள். பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். ஒரு காய்கூட எடுக்கவில்லை என்று ஊரே கையெழுத்துப் போட்டிருந்தது. கண்மாய்க் கரைப் பதினோரு பேரும் அதில் இருந்தார்கள். எல்லோருக்கும் முதலில், பள்ளிக்கூடத்துப் பையன் எழுதியதுபோலக் குண்டு குண்டாக, மூக்கையா என்று இருந்தது.

நாகஜோதிக்கு விஷயம் புரிந்தது. வத்தல் விற்றோம் என்று கையெழுத்துப் போட்டால், விளையவே இல்லை என்று போட்ட கையெழுத்து அவர்களைப் பிடிக்கும். அவள் விளைவித்ததாகச் சொன்னால், அரசாங்கப் பதிவேடே அவளைப் பொய்க்காரி என்னும். உண்மைக்கும் வழி இல்லை, பொய்க்கும் வழி இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மூக்கையா ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் அவர் மறைக்கவில்லை.

"ஊரே போட்டுச்சு, நானும் போட்டேன். ஏக்கருக்கு இம்புட்டுன்னு சும்மா குடுக்குறத எவன் விடுவான்? இப்ப வித்தேன்னு எழுதிக் குடுத்தா வாங்குனதையும் புடுங்கி, கேசும் போடுவாக."

"அப்ப நான் மட்டும் ரோட்டுல நிக்கவாய்யா?"

அவர் கயிற்றை இழுத்து முடிந்தார், அவிழ்த்தார், மறுபடி முடிந்தார். பெற்ற தகப்பன் மேல் அப்படி ஒரு வெறுப்பு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. இரண்டு நாள் சோற்றைத் தட்டில் போட்டு வைத்தாளே தவிர, அவரிடம் வாய் திறக்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி லீவு சொல்லிவிட்டுப் பரமக்குடிக்குப் போனாள். நாகேந்திரன் அலுவலகத்தில் நிற்க இடமில்லை. அவள் முறை வர மத்தியானம் தாண்டிவிட்டது. சம்பளம், பிடித்தம் எல்லாம் ஏற்றிவிட்டு, விவசாய வருமானம் என்ற இடத்தில் அவர் விரலை நிறுத்தினார்.

"சைபர் போடுங்க சார்," என்றாள்.

அவர் போட்டார். மேலே எழுதியதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழிக்கு அவள் பேரில் டிக் அடித்தார். போனுக்கு வந்த ஓடிபி எண்ணைச் சொன்னாள், கணக்கு ஏறியது. திரும்பி வரவேண்டிய முப்பத்தோராயிரம் எங்கே போகும் என்று இருவருக்கும் தெரியும். மேல்முறையீட்டுக்கு எதுவும் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். அப்படியானால் அது நம் பக்கம் நிற்காது, மொத்தத்தையும் கட்டவேண்டி வரும் என்றார் அவர்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூக்கையா உள்ளே வந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார். பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். அவள் வீட்டில் போட்டுவிட்டு வந்த கடிதம், அடியில் அதே குண்டு எழுத்து.

"எம் பங்கு ரெண்டே முக்கால் லட்சம். வாங்குனேன்னு போட்ருக்கேன். ஏத்துங்க தம்பி."

இதனால் அந்த ஒரு பங்குக்குரிய வரி குறைய வழியுண்டு என்று நாகேந்திரன் கணக்குச் சொன்னார். ஆனால் கடிதத்தைப் பார்த்ததும் நிலத்து விவரம் கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு எழுதுவார்கள், நிவாரணப் பட்டியல் வெளியே வரும், உங்களோடு மற்றப் பத்துப் பேரும் மாட்டுவார்கள் என்றும் சொன்னார்.

"தெரியும் தம்பி. அவுக என்னைய வையட்டும், சோறு தண்ணி பொழங்காம ஒதுக்கி வைக்கட்டும். எம்மகள முழுங்கக் குடுத்துட்டு நான் எவன் மூஞ்சியில முழிக்க? ஏத்துங்க."

நாகஜோதி பெஞ்சில் நகர்ந்து அவரை உட்காரவைத்தாள். இரண்டு நாள் வெறுப்பு இருந்த இடம் தெரியவில்லை. நாகேந்திரன் கடிதத்தைப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றினார். அனுப்பப் போகும் நேரத்தில் வரித் துறைத் தளம் வெளியே தள்ளிவிட்டது. மறுபடி நுழைய ஓடிபி வேண்டும், போனைப் பாருங்கள் என்றார்.

போன் அவள் கையில் அதிர்ந்தது. ஆறு எண்களும் பளிச்சென்று தெரிந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். எழுபத்திரண்டு வயது அய்யா தாலுகா அலுவலகத்துப் படியில் நிற்பதைப் பார்த்தாள். கருத்தம்மாள் அத்தை பிடித்த இடம் இரண்டு கையிலும் இன்னும் இருந்தது.

"வந்துருச்சா ஆத்தா?" என்றார் மூக்கையா.

"இன்னும் வரலைய்யா."

நாகேந்திரன் மறுபடி அனுப்பச் சொல்லித் தட்டினார். மறுபடி அதிர்ந்தது, அந்தச் சத்தம் அவர் காதிலும் விழுந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் போனை மடியில் கவிழ்த்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். அவர் மூக்கையா பக்கம் திரும்பினார்.

"கடைசி நாளுங்கய்யா. ஊரே உள்ள பூந்திருக்கு. சைட்டு வேலை செய்யாது."

அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மூக்கையா எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்தார். கடிதத்தை நாலாக மடித்து, கசங்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு வந்து குடுத்தா ஏத்துக்கிருவாகளா ஆத்தா?" என்று கேட்டார்.

"ஏத்துக்கிருவாகய்யா," என்றாள் நாகஜோதி.