நெல்டா சொல்லாமல் விட்ட வசனம்

பைபிள் வசனம் கண்டுபிடிப்பதில் நெல்டா பிரிச்சர்டை அடித்துக்கொள்ள அந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. பன்னிரண்டு வயதில், பாப்டிஸ்ட் சபைகள் நடத்தும் வசனப் போட்டியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்கே முதலாவதாக வந்தவள். பிள்ளைகள் பைபிளோடு வரிசையில் நிற்பார்கள். அதிகாரமும் எண்ணும் சொன்னதும், வசனத்தின் மேல் விரல் வைத்தவர் ஓரடி முன்னால் வர வேண்டும். மற்றவர்கள் ஏடு புரட்டும் நேரத்தில் நெல்டா முன்னால் வந்து நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். இப்போது ஐம்பத்திரண்டு வயது. முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை, விரல் மட்டும் அப்படியே இருந்தது.

அதனால்தான் மாவட்ட மன்றத் தலைவர் டெல்பர்ட் அவளைக் கூப்பிட்டார். சாலையில் வண்டியை நிறுத்தும் மாவட்டப் போலீஸான ஷெரீஃபின் ஆட்கள் குடியேற்றக் காகிதமும் கேட்கலாம், இல்லாதவரைப் பிடித்துக் கொடுக்கலாம் என்று மத்திய அரசோடு ஓர் ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்திருந்தது.

"இது வேணாம்னு மெதடிஸ்ட் சபை ஆளுங்க பைபிளத் தூக்கிட்டு வருவாங்க, மிஸ் நெல்டா. நம்ம பக்கமும் ஒருத்தர் வேணாமா?" என்றார்.

ஒப்பந்தத்தை நெல்டா ஒரு வரிகூடப் படிக்கவில்லை. வசனச் சண்டை என்றதுமே கை அரித்தது. வேறு காரணம் தேடுவது வீண் வேலை.

திங்கட்கிழமை மாலை மன்றம் நிரம்பி வழிந்தது. பேச வந்தவர்களுக்குத் தலைக்கு மூன்று நிமிஷம். முதலில் வந்த மெதடிஸ்ட் பல் டாக்டர், அந்நியனை நேசி என்று வாசித்தார். நெல்டா எழுந்து, பகைவர் நுழையாதபடி எருசலேமைச் சுற்றி நெகேமியா கட்டிய மதிலை எடுத்து வீசினாள். டாக்டர் தடுமாறினார், கூட்டம் சிரித்தது. நாற்பது வருஷம் கழித்து மறுபடியும் ஓரடி முன்னால் வந்து நிற்கும் சுகம் அவளுக்கு.

அடுத்து எல்விராவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

இதை நெல்டா எதிர்பார்க்கவில்லை. எல்விரா கோழி ஆலையில் வேலை பார்ப்பவள், குவாத்தமாலாக்காரி. புதன்கிழமைதோறும் சபையில் நெல்டா நடத்தும் இலவச ஆங்கில வகுப்புக்கு இரண்டு வருஷமாக வருகிறாள். பாடப்புத்தகம் பைபிள்தான். அவளுக்குக் காகிதம் உண்டு, புருஷன் ஃபிதெலுக்குக் கிடையாது. அது வகுப்புக்கே தெரியும், டீச்சருக்கும் தெரியும். போன வருஷப் புயலில் நெல்டாவின் கூரைமேல் சாய்ந்த மரத்தை நாள் முழுக்க நின்று அறுத்து எடுத்தவன் அந்த ஃபிதெல்தான்.

எல்விரா விரலை வரிக்குக் கீழே வைத்து, வகுப்பில் வாசிப்பதுபோலவே வாசித்தாள். லேவியராகமம்: உங்களோடு தங்கும் அந்நியன் உங்கள் ஊரில் பிறந்தவனைப்போல இருக்கட்டும், நீங்களும் எகிப்தில் அந்நியர்தானே. உச்சரிப்பில் ஒரு பிசகு இல்லை. கடைசியில் டீச்சரைத் தேடிப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"மிஸ் நெல்டா, உங்ககிட்ட ஏதாவது இருக்குமே?" என்றார் டெல்பர்ட்.

நெல்டா உட்கார்ந்தே இருந்திருக்கலாம். எழுந்தாள். ரோமர் பதின்மூன்று: ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படி, அந்த அதிகாரம் கடவுள் கொடுத்தது. கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

எல்விராவுக்கு இன்னும் ஒன்றரை நிமிஷம் மிச்சம் இருந்தது. "இன்னொண்ணு இருக்கு. எபிரெயர்" என்று சொல்லி ஏடுகளைப் புரட்டினாள். எபிரெயருக்கு எழுதிய நிருபம் பைபிளின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. எபிரெயர் என்றால் மோசே காலத்துச் சமாசாரம் என்று நினைத்தாளோ என்னவோ, முன்பக்கங்களிலேயே தேடினாள். யாத்திராகமம், எண்ணாகமம், மறுபடி யாத்திராகமம். "பொருளடக்கத்தப் பாரும்மா" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

எந்த வசனம் என்று நெல்டாவுக்குத் தெரியும். அந்நியரை உபசரிக்க மறக்காதே, தெரியாமலே தேவதூதரை உபசரித்தவர்கள் உண்டு. சொல்லிக்கொடுத்ததே அவள்தான். "பின்னாடி பாரு" என்று இரண்டு சொல் போதும். இரண்டு நாற்காலி தள்ளித்தான் எல்விரா நின்றாள். நெல்டா மடியிலிருந்த பைபிளின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நேரம் முடிஞ்சிடுச்சும்மா" என்றார் டெல்பர்ட்.

வாக்கு மூன்றுக்கு இரண்டு. ஒப்பந்தம் நிறைவேறியது. நெல்டாவின் தோளைத் தட்டாதவர் இல்லை. ஒவ்வொரு தட்டும் அடியாக விழுந்தது.

வாசலருகே எல்விரா காத்திருந்தாள்.

"டீச்சர், அது எங்க இருக்கு?"

நெல்டா அவள் கையிலிருந்த பைபிளை வாங்கி ஒரே புரட்டில் எடுத்துக் கொடுத்தாள். "கடைசிப் பக்கம், யாக்கோபு நிருபத்துக்கு முன்னாடி."

"ஐயோ, நான் முன்னாடி முன்னாடியே தேடினேன்." எல்விரா அந்த வரியை வாய்விட்டு முழுசாக வாசித்தாள். கேட்க அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. பிறகு தலை நிமிராமலே கேட்டாள். "நான் தேடினது இதுதான்னு உங்களுக்குத் தெரியுமா, டீச்சர்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும்."

எல்விரா தலையாட்டினாள். கோபப்பட்டிருந்தால் நெல்டா பிழைத்திருப்பாள். "நான் வேகமாப் படிக்கப் பழகியிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாலை வெயிலில் இறங்கிப் போனாள்.

வெளியே பிக்கப் வண்டியில் ஃபிதெல் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். எல்விரா ஜன்னலருகே போய் ஏதோ சொன்னாள். அவன் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, மறுபக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். சாவியை அவள் கையில் கொடுத்தான்.

வாசற்படியில் நின்ற நெல்டாவை அப்போதுதான் பார்த்தான். உடனே தொப்பியைக் கழற்றி, எப்போதும்போல மரியாதையாகத் தலை குனிந்தான்.

உள்ளே நடந்ததில் டீச்சரின் பங்கை எல்விரா அவனிடம் சொல்லவில்லை என்று நெல்டாவுக்குப் புரிந்தது. பதிலுக்குக் கையைத் தூக்கப் பார்த்தாள். கை எழவில்லை.