இரண்டு மணிப் பிளேன்

யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்பு இரத்மலானைக்கு ஆகாய வழியில் இருநூறு மைல்கூட வராது. ஒரு மணித்தியாலப் பறப்பு. ஆனால், மன்னார்க் கடலில் ஒரு விமானம் விழுந்த நாள்முதல் அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பயந்து சாகாத தமிழ்க் குடும்பம் கொழும்பில் இல்லை. யுத்தத்தால் தரைப்பாதையும் மூடிக்கிடந்தது. வேறு என்னதான் செய்வது?

ஐறீனும் புருஷன் பேர்னாட்டும் ஒரு வழி வைத்திருந்தார்கள். இருவரும் ஒரே விமானத்தில் ஏறுவதில்லை. ஒன்று விழுந்தாலும், கொட்டாஞ்சேனையில் பக்கத்து வீட்டில் விட்டுவந்த சின்ன மகள் கொன்ஸ்ரன்ஸுக்கு மற்றவர் மிஞ்சுவார். யாழ்ப்பாணத்தில் பேர்னாட்டின் தகப்பனுடைய செத்தவீடு முடிந்து திரும்பும்போதும் அப்படித்தான். காலை விமானத்தில் ஐறீனை அனுப்பும்போது பேர்னாட் சொன்னான்:

"நான் ரெண்டு மணிப் பிளேன். மூண்டரைக்கு வெள்ளவத்தைக்கு வந்திடுவன். ஒபிசிலயே நில்லும்."

கணக்கு நல்ல கணக்குத்தான். காத்திருக்கிறவர் படப்போகும் பாட்டை மட்டும் இருவரும் யோசிக்கவில்லை.

விமானக் கொம்பனி பயணிகளைப் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கும் வெள்ளவத்தை அலுவலகத்தில் ஐறீன் உட்கார்ந்திருந்தாள். மூன்றரை ஆனது. பஸ் இல்லை. பொறுக்க முடியாமல் கவுண்டரில் இருந்த ஷபீகாவிடம் போனாள்.

"ரெண்டு மணிப் பிளேன் இன்னும் வரேல்லையே?"

"பிளேன் நேரம் ஒண்டும் சொல்ல ஏலா மிஸ். ஆமி ஓடர்."

அதற்குள் தொலைபேசி அடித்தது. ஷபீகா மறுபக்கம் திரும்பிச் சிங்களத்தில் மெல்லக் கதைத்தாள். தன்னிடம் சொல்லப் பயந்துதான் திரும்புகிறாள் என்று ஐறீன் முடிவுகட்டிவிட்டாள். ஒழுங்கையின் முடிவில் கடல் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்கவே அவள் மறுத்தாள். கொச்சிக்கடை அந்தோனியாரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நாக்கு வறண்டது. பிள்ளையிடம் என்னவென்று சொல்வது? கறுப்புச் சட்டைக்குத் துணி எடுக்கவேண்டுமே என்றுகூட நினைப்பு ஓடியது. அப்படி நினைத்ததற்காகத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

நான்கு மணிக்குப் பஸ் வந்தது. பேர்னாட் பனங்கட்டிப் பையோடு இறங்கினான். ஐறீன் அவன் சட்டையை எட்டிப் பிடித்தாள்.

"எங்க போனனீங்கள்?"

"எங்க போறது? சொன்ன நேரத்துக்குத்தானே வந்திருக்கிறன்," என்று கையை நீட்டினான். மணிக்கூட்டில் மூன்றரை.

அரசாங்கம் நேரத்தை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி எவ்வளவோ காலமாகியும், தகப்பன் வீட்டுச் சுவர் மணிக்கூடு பழைய நேரத்தில்தான் ஓடியது. அங்கே போனால் இருவரும் அதற்கே தங்கள் மணிக்கூடுகளைத் திருப்பிவிடுவார்கள். ஐறீன் இரத்மலானையில் இறங்கியதும் தன்னுடையதைச் சரிசெய்தாள். அவன் சொன்ன மூன்றரை கொழும்புக்கு நான்கு என்று கணக்குப் பார்க்கத்தான் மறந்துபோனாள்.

கொட்டாஞ்சேனைக்குப் போகும் த்ரீவீலில் அவள் பனங்கட்டிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். பேர்னாட் மணிக்கூட்டைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"இனி ரெண்டு பேரும் ஒரே பிளேனிலதான்," என்றாள்.

"அப்ப பிள்ளை?"

"பிள்ளையையும் ஏத்திக்கொண்டுதான்."

அவன் கை நின்றது. "என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?"

"தனிய மிஞ்சிறது எப்பிடியெண்டு இண்டைக்கு அரை மணித்தியாலம் இருந்து பாத்திட்டன்," என்றாள் ஐறீன். "அதை என்ர பிள்ளைக்கு விட்டிட்டுப் போகமாட்டன்."