எதிலும் இணைக்காத திருகு

1

கார் பாட்டு செட்டின் ஆம்ப்பில் கெயின் வைப்பது எப்படி என்று ஒரு பக்கக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் பத்தியில் ஒரு மச்சினன் வந்து சேர்ந்தான். கட்டுரை போயிற்று.

மிஞ்சியது இது: கெயின் என்பது சத்தத்தைக் கூட்டும் திருகு அல்ல. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துவது. கெயினை அடியில் வை. பாஸ் பூஸ்டை அணை. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்று. ஸ்டீரியோவை முக்கால்வாசி ஏற்றி, சோதனை ஒலியை ஓடவிடு. ஆம்ப்பிலிருந்து வெளிவருவதை மல்டிமீட்டரில் பார்த்து, கணக்குப் போட்ட வோல்ட் வரும்வரை மெல்லத் திருகு. அதற்கு மேல் ஆசைப்படாதே.

(கடைசி வாக்கியம் கட்டுரையில் இல்லை.)

2

கார் செட் மாட்டும் கடை வைத்திருப்பவர் ஒருவர். தெருவில் அவருக்கு ‘மீட்டர்’ என்று பெயர். காதை நம்பமாட்டார், எண்ணை நம்புவார்.

அவர் மனைவியின் தம்பி டாக்ஸி ஓட்டுகிறான். மீட்டர் அளந்து வைத்த கெயினை வீடு போய்ச் சேருமுன் முழுக்கத் திருகிவிடுவான். ஒலி அலையின் தலை வெட்டுப்படும். ஸ்பீக்கர் சூடாகிக் கருகும். இரண்டு போயிற்று.

“ஆயிரம் வாட்ஸ்னு போட்டிருக்கு, பாதியில நிக்குதே மாமா. மிச்சத்த யாருக்கு எடுத்து வச்சிருக்கீங்க?”

“அது பாதி இல்ல மாப்ளே. அதான் முழுசு.”

“முழுசுன்னா திருகு ஏன் இன்னும் சுத்துது?”

(இதற்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறது. அவருக்கு அப்போது வரவில்லை. எனக்கும்தான்.)

மனைவி வேறு சொல்லிவிட்டாள்: “உங்களுக்கு வேலை தெரியலன்னு எங்கம்மா வீட்டுல பேச்சு. இன்னொன்னு கருகினா, நீ யார் பக்கம்னு என்னைக் கேக்காதீங்க.”

3

இந்த முறை கெயினை அளந்து வைத்து, ஆம்ப்புக்கு மூடி போட்டு இறுக்கினார். டாஷ்போர்டில் பளபளவென்று ஒரு திருகு பொருத்தினார். அதன் ஒயர் கம்பளத்துக்கு அடியில் இரண்டு சாண் ஓடி, அங்கேயே நின்றுவிடும்.

மச்சினன் திருகினான். கண்ணை மூடினான். “இப்பத்தான் மாமா உசுரு வந்திருக்கு!”

மீட்டர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம்…

இல்லை. அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் கேட்டது. மச்சினன் டீ குடிக்கப் போனதும் சோதனை ஒலியை ஓடவிட்டு, தானே திருகிப் பார்த்தார். மல்டிமீட்டரில் எண் அசையவில்லை. காதில் சத்தம் ஏறியது.

4

ஸ்பீக்கர் கருகவில்லை. மாமியார் வீட்டில் மரியாதை. ஒருநாள் மச்சினன் இரண்டு டிரைவர்களைக் கூட்டிவந்தான். “இவங்களுக்கும் அதே திருகு போடுங்க மாமா.” ஸ்டாக் இல்லை என்றார். எத்தனை நாளைக்குச் சொல்வது?

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) உண்மையைச் சொல்கிறார். “என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்களே” என்று மச்சினன் எழுந்து போகிறான். மனைவி அழு… (இதை விட்டேன். இது எல்லார் வீட்டிலும் இருக்கிறது.)

ஆ) சொல்லவில்லை. எல்லோரும் சுகம். (இது விளம்பரம்.)

இ) மச்சினன் என்றோ கம்பளத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டான். மாமா மனம் நோகக்கூடாது என்று, அவர் வண்டியில் ஏறும்போதெல்லாம் திருகுகிறான். (அழகு. அதனாலேயே சந்தேகம். கோடு போட்டு அடித்தேன். அடித்த பிறகும் படிக்க முடிகிறது.)

5

கடை மூடி, மீட்டர் மச்சினன் வண்டியில் வீடு திரும்புகிறார். பாட்டு ஓடுகிறது. சிவப்பு விளக்கில் வண்டி நிற்கிறது.

“இன்னிக்கு நீங்க திருகுங்க மாமா.”

“வண்டி உன்னோடது. நீயே திருகு.”

“எப்பவும் நானே திருகி, நானே ‘ஆகா’ங்கிறேன். ஒரு தடவை நீங்க சொல்லுங்களேன்.”

மீட்டர் திருகுகிறார். மச்சினன் பாட்டைக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கிறான்.

‘ஆகா’ என்று எழுதிப் பார்த்தேன். அது அவர் குரல் இல்லை. ‘மாப்ளே, ஒண்ணு சொல்லணும்’ என்று எழுதிப் பார்த்தேன். பின்னால் ஹாரன் அடித்துவிட்டார்கள். இரண்டையும் அடித்துவிட்டேன்.

விளக்கு இன்னும் சிவப்புதான். அவர் என்ன சொல்லட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.