கஞ்சிச் சட்டியும் டிஷ்வாஷரும்

நோன்பு மாதத்தின் நடுவில் எங்கள் வீட்டு டிஷ்வாஷர் வேலைநிறுத்தம் செய்தது. கதவைத் திறந்தால் அடியில் கலங்கலாகத் தண்ணீர் தேங்கி நின்றது. சர்வீஸ் ஆளுக்கு போன் செய்தால், பெருநாள் கழிந்துதான் வர முடியும் என்றான். போர்டு போயிருக்கும் என்று பார்க்காமலேயே தீர்ப்பும் சொன்னான். பார்க்காமல் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அமீர்பேட்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்து அதையே வேலையாகச் செய்கிறவள். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

என் கணவர் யூசுப் அவனுக்கு மேலே போனார்.

"போர்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. உம்மா காச்சுற கஞ்சிதான் அடைச்சிருக்கும்" என்றார் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டே. பிறகு மாமியிடம் திரும்பி, "மிஷின் சரியாகிற வரைக்கும் அப்பார்ட்மென்ட்டுக்குக் கஞ்சி கொடுக்கிறத நிறுத்துங்க உம்மா. நம்ம மூணு பேருக்கு மட்டும் காச்சினா போதும். உங்க விரலப் பாருங்க" என்றார்.

மாமியின் விரல்கள் முடக்குவாதத்தில் வீங்கிக் கிடந்தன. அதற்காகத்தான் யூசுப் அந்த மிஷினையே வாங்கினார். அது நின்றுபோன மறுநாளே, நாங்கள் இருவரும் லேப்டாப்பில் தலையைக் கொடுத்திருந்த நேரம் பார்த்து, அத்தனை பெரிய சட்டியையும் மாமி கையால் தேய்த்துக் கவிழ்த்துவிட்டார். அன்று இரவு அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. யூசுப் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் மாமியின் முகத்தை நான் பார்த்தேன். கீழக்கரையிலிருந்து இந்த மல்காஜ்கிரி ஃபிளாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவருக்குப் பேச்சுத் துணை கிடையாது. தெலுங்கு வராது. இங்கே பேசுகிற உருதுவில் வேண்டாம் என்பதற்கான 'நக்கோ' ஒன்றுதான் தெரியும். அதையும் காய்கறிக்காரனிடம் மட்டும்தான் சொல்வார். நோன்பு மாதம் வந்தால் கதை வேறு. சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் ஒவ்வொரு கதவாகக் கஞ்சி போகும். மேல்வீட்டு ரஷ்மி சுகம் விசாரிப்பாள், வாட்ச்மேன் பாபு சட்டியை இறக்க ஓடி வருவான். கழுவித் திரும்பி வரும் டப்பாக்களில் யார் வீட்டுப் புளிஹோராவோ, பாயசமோ இருக்கும். 'கஞ்சி அம்மா' என்றால் அந்தக் கட்டிடத்தில் தெரியாதவர் இல்லை. அந்த ஒரு மாதத்தையும் எடுத்துவிட்டால் அவருக்கு இந்த ஊரில் என்ன மிஞ்சும்?

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மச்சான், கஞ்சி மேல பழி போடாதீங்க. நோன்பு திறக்கிறதுக்குள்ள நான் இத ஓட வைக்கிறேன். கஞ்சிதான் காரணம்னா, நானே மாமிகிட்ட நிறுத்தச் சொல்றேன்" என்றேன்.

"சொன்ன சொல் மாறக்கூடாது" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மதியம் லீவு சொல்லிவிட்டு, துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொண்டு, தரையில் உட்கார்ந்தேன். முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். தேங்கியிருந்த தண்ணீரை டம்ளரால் மொண்டு, மிச்சத்தைப் பழைய துண்டால் ஒற்றி எடுத்தேன். தண்ணீர் உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. அப்படியென்றால் கோளாறு போகிற வழியில். பாதி மிஷினைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கியாயிற்று.

மாமி சமையலறை வாசலில் அரிசிப் படியோடு நின்றார்.

"அரிசி ஊறப் போடட்டுமா, வேணாமா புள்ள?"

"கொஞ்சம் பொறுங்க மாமி."

அடுத்தது, தண்ணீரை சிங்க் பைப்புக்குக் கொண்டுபோகும் ஹோஸ். அதைக் கழற்றி வாயால் ஊதினால் அடைப்பு இருக்கிறதா என்று ஒரே நொடியில் தெரிந்துவிடும். நோன்பு வைத்துக்கொண்டு எப்படி ஊதுவது? அந்த அழுக்குத் தண்ணீரில் ஒரு சொட்டு தொண்டைக்குள் போனாலும் இத்தனை நேரம் தாகத்தோடு இருந்தது வீண். அலமாரியைக் குடைந்து பலூன் அடிக்கும் பம்பைத் தேடி எடுத்தேன். காற்று தடையில்லாமல் போனது. ஹோஸ் நிரபராதி. அதைப் பழையபடி மாட்டினேன்.

பிறகு அடியில் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருந்த ஃபில்டரைத் திருகி எடுத்தேன். வலை முழுக்கக் கஞ்சிப் பருக்கையும் வெந்தயமும் கூழாக அப்பியிருந்தன. அப்போ கஞ்சியேதானா? குழாயடியில் காட்டிப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மாட்டி, பிளக்கைச் சொருகி, பட்டனை அழுத்தினேன். பழையபடி 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு நின்றது. புதிதாக உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்! ஃபில்டரைக் கழுவியும் ஓடவில்லை என்றால் காரணம் கஞ்சி இல்லை.

"போடுங்க மாமி அரிசிய!" என்றேன். மாமி அரிசியைக் களைந்து ஊறப் போட்டார்.

மிச்சம் இருந்தது பம்ப் ஒன்றுதான். பிளக்கைப் பிடுங்கி, மறுபடி தண்ணீரை மொண்டு கொட்டி, ஃபில்டர் இருந்த குழிக்குள் பம்பின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினேன். உள்ளே தண்ணீரைத் தள்ளும் சின்னச் சக்கரம். விரலால் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. ஏதோ நார் சுற்றியிருந்தது. புருவம் பிடுங்கும் இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தேன். நீளமாக, பச்சை வெளுத்து வந்துகொண்டே இருந்தது. முகர்ந்து பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை, வாசனை தானாகவே வந்தது.

ரம்பை இலை. மாமி வாசனைக்காக முடிச்சுப் போட்டுக் கஞ்சியில் போடுகிற நீள இலை. ஊரிலிருந்து கன்று கொண்டுவந்து, பால்கனித் தொட்டியில் வளர்க்கிறது.

"என் இலையா புள்ள?" என்றார் மாமி.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா மாமி. சட்டியிலேர்ந்து இது எப்படி இங்க வந்தது?"

மாமி மெதுவாகச் சொன்னார்: "சட்டிய வழிக்காமத்தான் உள்ள வச்சேன். நோன்புக் கஞ்சியக் குப்பத்தொட்டியில கொட்டுனா பரக்கத் போயிரும்மா, வீடு வெளங்காது. ஊர்ல கோழி திங்கும். இங்க எதுக்குப் போடுறது? தண்ணியோட போனாப் போவட்டும்னுதான்..." குனிந்து, ஊறிக்கொண்டிருந்த அரிசிப் பாத்திரத்தைத் தூக்கினார். "இதுல நமக்கு மட்டும் எடுத்துக்கிட்டு, மிச்சத்த வடிகட்டி வச்சிர்றேன். அவன் சொன்னது சரிதான்."

வாய்க்கொழுப்பால் பந்தயம் கட்டியது நான், தோற்றுக்கொண்டிருப்பது அவர்.

"வடிகட்டாதீங்க மாமி. முழுசும் காச்சுங்க."

"உன் சொல்லு?"

"அத நான் பாத்துக்கிறேன்."

சக்கரத்தை விரலால் தட்டினேன். வழுக்கிக்கொண்டு சுழன்றது. மூடியை மாட்டி, ஃபில்டரை இறுக்கித் திருகி, பிளக்கைச் சொருகி, பட்டனை அழுத்தினேன். சிங்க் பைப்புக்குள் தண்ணீர் சளசளவென்று இறங்கிய சத்தம் இருக்கிறதே, தாகத்தோடு உட்கார்ந்திருந்தவளுக்கு அதைவிட இனிமையாக எதுவும் கேட்டிருக்காது.

யூசுப் வந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, கஞ்சி கதவு கதவாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் புருவத்தை உயர்த்தினார். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்து, கஞ்சியில் கரண்டியை விட்ட பிறகுதான் கேட்டார்.

"என்ன கோளாறு?"

அந்த நாரை ஒரு தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினேன். அவருக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. தினமும் காலையில் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் அவர்தான்.

"அப்போ கஞ்சிதான்."

"கஞ்சிதான். நான் தோத்துட்டேன்" என்றேன். "மாமி, நாளையிலேர்ந்து நிறுத்திருங்க."

கிண்ணத்துக்குப் போன மாமியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"சட்டிய வழிக்காம உள்ள வைக்கிறத. கஞ்சிய இல்ல. அடுத்து, வழிச்ச கஞ்சிய எங்க கொட்டுறதுன்னு உங்க மகன் சொல்லட்டும். குப்பத்தொட்டி கூடாது, பரக்கத் போயிரும்."

யூசுப் என்னைப் பார்த்தார், உம்மாவின் விரல்களைப் பார்த்தார். எழுந்து போய், அடுப்பு மேடையில் இருந்த காலிச் சட்டியை எடுத்தார். அடியில் கிடந்த இலையைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒட்டியிருந்ததைத் தன் கையாலேயே சுற்றி வழித்தார். சட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே பால்கனிக்குப் போய் ரம்பைச் செடியின் தூரில் ஊற்றினார்.

"கொஞ்சமா ஊத்துடா, உப்பு இருக்கு! வேர் வெந்துரும்" என்று மாமி உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டார்.

அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "மூணாவது மாடியில எல்லாருக்கும் கொடுத்தீங்களா? ஸ்ரீலேகா வீட்டுக்கு இன்னிக்கு வரலையாமே, லிஃப்டுல கேட்டாங்க."

"அரிசிய அளக்கும்போது மனசு சரியில்லடா, ஒரு கை கொறச்சலாப் போட்டுட்டேன்" என்றார் மாமி. தன் கிண்ணத்தில் இன்னும் தொடாமல் இருந்த கஞ்சியை டப்பாவில் ஊற்றி மூடி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு லிஃப்டுக்குக் கிளம்பினார்.