தெஹிவளைக்குப் போன வாங்குகள்

நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து ஸ்ரீஸ்கந்தராசா வாயைத் திறந்தால் முதலில் வருகிற சொல் ‘நான்’. மூடும்போது கடைசியாக வருகிற சொல்லும் அதுதான். முப்பத்தாறாம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தல் நெருங்க நெருங்க, அந்த ‘நான்’ மோட்டார் காரில் ஏறிக் கொழும்பெல்லாம் திரிந்தது. ஒரு சனிக்கிழமை வெள்ளவத்தைக்கும் வந்து, நேசமலர் ரீச்சரின் பள்ளிக்கூடத்து மரவாங்குகளைக் கொண்டுபோய்விட்டது.

நேசமலர் கடற்கரைப் பக்கத்துக் குறுகலான ஒழுங்கையில், ஓர் ஓலைக் கொட்டகையில், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினாள். அரசாங்கம் அதைப் பதிந்துகொள்ள மறுத்திருந்தது. பிள்ளைகள் நிலத்தில் குந்தியிருக்கிற இடத்தைப் பள்ளிக்கூடம் என்று எழுத முடியாதாம். திங்கட்கிழமை திரும்பி வருவேன், அப்போதும் பிள்ளைகள் இருக்க வாங்கு இல்லையென்றால் பூட்டிவிட வேண்டியதுதான் என்று பரிசோதகர் கனகசபாபதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாவம், ஒழுங்கைச் சனங்கள்! ஒரு வீட்டார் முறிந்து விழுந்த மாமரத்தைக் கொடுத்தார்கள். ஒரு தச்சர் கூலி கேட்காமல் அறுத்து இழைத்து எட்டு நீள வாங்குகள் செய்து தந்தார். வார்னிஷ் காய்ந்ததோ இல்லையோ, அப்புக்காத்தரின் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

“அக்கா, ஐயா பெண்பிள்ளையளின்ரை படிப்பைப் பற்றித்தான் பேசப்போறார். ஒரு மணித்தியாலம் வாங்கைத் தாங்கோ.”

படிப்பு என்றதும் நேசமலருக்கு மனம் இளகிவிட்டது. கொடுத்தாள். கூட்டம் முடிந்தது, வாங்குகள் வரவில்லை. ஞாயிறு காலையில் விசாரித்தால், மாட்டு வண்டியில் ஏற்றித் தெஹிவளைக் கூட்டத்துக்கு அனுப்பியாயிற்றாம். அவள் அப்புக்காத்தரின் வீட்டுக்கே போனாள். அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“என்ன பிள்ளை, நான் நாட்டைப் பற்றி யோசிக்கிறன், நீர் வாங்கைப் பற்றிக் கதைக்கிறீர்! நான் வெண்டால் உமக்கு மாடிக் கட்டிடமே கட்டித் தாறன்.”

“எனக்கு மாடி வேண்டாம் ஐயா. நாளைக்குக் காலமை வாங்குதான் வேணும்.”

“பாப்பம், பாப்பம்” என்றார் அவர், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

எரிச்சலில் அவளுக்குக் காது சுட்டது. ‘இந்த மனிசனை நம்பிக் குடுத்தேனே, என்னைச் செருப்பாலை அடிக்கவேணும்’ என்று தன்னையே திட்டிக்கொண்டு வீடு வந்தாள்.

பின்னேரம் பஸ் ஏறித் தெஹிவளைக்குப் போனாள். மைதானத்தில் நல்ல சனம். முன்வரிசைகளில் அவளுடைய எட்டு வாங்குகளும் கிடந்தன; ஆட்கள் நெருக்கியடித்து இருந்தார்கள். மேடையில் அப்புக்காத்தர் பெண்கல்வியைப் பிழிந்து சாறெடுத்துக்கொண்டிருந்தார். நேசமலரைக் கண்டதும் அவருக்கு யோகம் அடித்த மாதிரி ஆகிவிட்டது.

“இந்தா, வெள்ளவத்தை ரீச்சர்! நான் பெண்பிள்ளையளுக்கு என்னென்ன செய்தனான் எண்டு இவவே சொல்லுவா!”

நேசமலர் மேடையில் ஏறினாள்.

“முன்னுக்கு இருக்கிறவை கோவிக்கக் கூடாது. நீங்கள் இருக்கிற வாங்கு என்ரை பள்ளிக்கூடத்துப் பிள்ளையளின்ரை. ஐயா கேட்டவர், குடுத்தனான். திருப்பித் தரேல்லை. நாளைக்குக் காலமை வாங்கில்லாட்டில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிப்போடுவினம். தயவுசெய்து எழும்பித் தாருங்கோ.”

முன் வாங்கில் இருந்த பதியுதீன் என்ற தையற்காரர்தான் முதலில் எழும்பினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம், “என்ன பாத்துக்கொண்டு ஈக்கிறீங்க? வாங்குட அந்தத் தலப்பப் புடிங்க” என்றார். பிறகென்ன, ஒவ்வொரு வாங்காக எழும்பியது.

“இருங்கோ! இருங்கோ! நான் இன்னும் முடிக்கேல்லை!” என்று அப்புக்காத்தர் கத்தினார். இருப்பதற்கு அங்கே என்ன இருந்தது?

காலி வீதியில் எட்டு வாங்குகளும் ஆட்களின் தோளில் வரிசையாகப் போயின. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஒரு சிங்களக் கடைக்காரர் கேட்டார். “இஸ்கோலெட!” என்றார் பதியுதீன். பள்ளிக்கூடத்துக்கு என்றதும் அந்த மனிதர் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒருவரின் பக்கத்தைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். பின்னால் நடந்த நேசமலருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வாங்குகளை இறக்கிவைத்து, தேத்தண்ணி குடித்து முடித்த பிறகும் பதியுதீன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“டீச்சர், எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ளயள் ஈக்கி. அனுப்ப மனசில்லாம வீட்ட வெச்சிருந்தன். இன்டைக்கு மனசு வந்திட்டு. எடுப்பீங்களா?”

“கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றாள் அவள், ஒன்றும் யோசிக்காமல்.

காலையில் பார்த்தால், வாங்கு தூக்கியவர்களில் பாதிப்பேர் தங்கள் பெண்பிள்ளைகளோடு வாசலில் நிற்கிறார்கள்! எட்டு வாங்கிலும் நெருக்கி நெருக்கி இருத்தியும் சிலர் மிஞ்சினார்கள். பரிசோதகர் வருகிற நேரம். பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

“உனக்கென்ன பைத்தியமோடி? மிஞ்சின பிள்ளையளை என்ரை அடுப்படியிலை இருத்து. அந்தாள் போனாப்பிறகு கூப்பிடலாம்.”

நேசமலர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்தபடி, எங்கே இருக்கச் சொல்லப் போகிறாள் என்று அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒளித்துவைத்தால் பள்ளிக்கூடம் பிழைக்கும். ஆனால் படிக்க வந்த முதல் நாளே அடுப்படிக்கு அனுப்புவதா? மனம் கேட்கவில்லை. பாயை விரித்து எல்லாருக்கும் முன்னால் இருத்தினாள்.

கனகசபாபதி வந்து அங்கிருந்த ஒரே கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். வாங்குகளைப் பார்த்தார். பாயைப் பார்த்ததும் முகம் மாறியது.

“போனமுறை நான் என்ன சொன்னனான்? இதுகள் ஏன் நிலத்திலை?”

நேசமலர் வாய் திறக்குமுன், பதியுதீனின் சின்ன மகள் பஹ்மியா எழும்பி நின்றாள்.

“வாப்பாமார் வாங்கத் தூக்கிட்டு வந்தாங்க. பொறகு எங்களையும் கூட்டிட்டு வந்தாங்க.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேசமலர் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் எழும்பி, தான் இருந்த கதிரையைப் பாயின் பக்கம் இழுத்துவிட்டார்.

“இதிலை ரெண்டு பேர் இருக்கலாம்” என்றார். “மிச்சப் பேருக்கு இன்னும் வாங்கு செய்வியுங்கோ. பள்ளிக்கூடம் பதிவாகும்.”

பஹ்மியாவும் அவளுடைய அக்காவும் கதிரையில் ஏறி ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். பரிசோதகர் நின்றபடியே பாடம் கேட்டார்.