ராஜகிரி இல்லாத பதினான்கு நிமிடம்

செஞ்சி திருவண்ணாமலை ரோட்டில் கலைமதி நடத்தும் இன்டர்நெட் சென்டருக்கு நிழல் கிடையாது. காலை வெயிலானாலும் சாயங்கால வெயிலானாலும் அந்தக் கட்டடத்தைச் சுற்றித் தரை பளிச்சென்றுதான் இருக்கும். ஏலத்தில் வந்த பழைய கம்ப்யூட்டர்களை வேகமாக ஓடவைக்க, டெஸ்க்டாப் தீம்களை இளைக்கவைத்துப் புதிதாகச் செய்வது அவள் வேலை. முதலில் விண்டோக்களுக்குப் பின்னால் விழும் நிழலை எடுத்தாள். கட்டடத்தின் நிழலும் கூடவே போய்விட்டது. எதிர் டீக்கடை துரைக்கண்ணு, "இன்னாம்மா, வர்ற ஆளு ஒதுங்கற நெழலையும் புடுங்கிட்ட?" என்று சண்டைக்கு வந்தார்; பிறகு ஒரு தார்ப்பாய் கட்டிக்கொண்டார். விண்டோ மெல்ல விரிந்து சுருங்கும் ஆட்டத்தை நிறுத்திய அன்றிலிருந்து சென்டரின் கதவு ஒன்று திறந்திருக்கும், இல்லை மூடியிருக்கும். நடுவில் ஒன்றும் கிடையாது. இரண்டு பேருக்கு விரல் நசுங்கியது. ஆனால் ஏழு நிமிடம் முக்கி முனகி எழுந்த கம்ப்யூட்டர் இருபது நொடியில் எழுந்தது. செஞ்சிக்காரர்களுக்கு வேலை நடந்தால் சரி, மற்றதைக் கேட்டு நேரத்தை வீணாக்கமாட்டார்கள்.

வால்பேப்பரை மட்டும் அவள் தொட்டதில்லை. ராஜகிரி மலையை அவளே படமெடுத்து, சுருக்காமல் முழுசாக வைத்திருந்தாள். ஊர்ப் பெருமையை முகப்பில் வைக்காத கடைக்குச் செஞ்சியில் யார் வருவார்கள்? அதை எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆனியில், தங்கை நிலாவின் நர்சிங் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாலை ஐந்து மணி கெடு. சாதிச் சான்றிதழ் அன்று மத்தியானம்தான் கைக்கு வந்தது. இந்த வருடம் சீட்டு கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அவர்களுடைய நைனா பச்சைமுத்து தொண்டூர் உறவில் வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். முந்தின நாள் இடியில் மூன்று கம்ப்யூட்டர் போய், ஒன்றே ஒன்று மிச்சம். மற்ற சென்டர்களில் வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. போனில் அந்தத் தளம் திறக்காது. சான்றிதழை ஏற்றும் பக்கம் வந்ததும் கம்ப்யூட்டர் அப்படியே நின்றது. மூன்று முறை. கலைமதி ஐகான்களை எடுத்தாள். காந்தி பஜார் பெயர்ப்பலகைகள் வெறும் தகரமாயின. கடிகாரத்தை எடுத்தாள், ஊரில் எந்தக் கடிகாரத்திலும் முள் இல்லை. கெடுவுக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைத் தளத்தின் மூலையில் இறங்கிக்கொண்டிருந்த எண்களில்தான் பார்க்க முடிந்தது. பத்தொன்பது நிமிடம். அப்படியும் நின்றது.

மிச்சம் மலைதான். மலைமேல் அவளுடைய அம்மா காத்தாயியும் இன்னும் பதினொரு பெண்களும் கோட்டையில் முள் வெட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, எறங்கு. ஒடனே எறங்கு" என்றாள் போனில்.

"எறங்க ஒரு மணி நேரம் ஆவும்டி. இன்னா ஆச்சி?"

சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அந்தப் பக்கம் காத்தாயி மற்றவர்களிடம் விஷயத்தைச் சொல்வதும், கூட வேலை செய்யும் தைலம்மாள், "தெனம் பெருக்கி இடுப்பு ஒடியுது, ஒரு நாளு மலை இல்லன்னா இன்னா இப்ப?" என்று சிரிப்பதும் கேட்டது.

"எடுத்துடு" என்றாள் காத்தாயி. "நாங்க ஒருத்திய ஒருத்தி புடிச்சிக்கிறோம். எம்பொண்ணு படிப்பவிட இந்தக் கல்லு பெருசா?"

கலைமதி படத்தை எடுத்துவிட்டு வெறும் சாம்பல் நிறத்தை வைத்தாள்.

ராஜகிரி போயிற்று. சத்தமில்லை, தூசியில்லை. மேற்கே சாம்பல் நிறத்தில் வெற்று வானம். அதில் காலைத் தொங்கவிட்டு, முந்தானையோடு முந்தானை முடிந்துகொண்டு பன்னிரண்டு பெண்கள். பஸ்கள் நின்ற இடத்தில் நின்றன.

சான்றிதழ் நகர்ந்தது. பத்து நிமிடம் தின்று, அறுபது, எண்பது, நூறு சதவீதம். அப்போது தளம் ஓடிபி கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிலா நைனாவுக்குப் போன் போட்டாள். அவர்கள் வீட்டில் எந்த விண்ணப்பமானாலும் நைனா நம்பரைக் கொடுத்துத்தான் பழக்கம். கைப்பழக்கத்தில் இதற்கும் அதையே கொடுத்திருந்தாள்.

பச்சைமுத்து கூட்டு ரோட்டில் வானத்தைப் பார்த்து நின்றிருந்தார். "உங்கம்மா அங்க தொங்குறாடி. யாரு வேல இது?"

"ஓடிபி சொல்லு நைனா. இது போனாதான் மலைய வெக்க முடியும்."

"வாக்கு குடுத்திருக்கேன், நிலா."

"தெரியும் நைனா."

கெடுவுக்கு இரண்டு நிமிடம்தான் இருந்தது. மேலே காற்று தள்ளி, பன்னிரண்டு பேரும் ஒரு முழம் தெற்கே நகர்ந்தார்கள். ரோடே "ஐயோ" என்றது. பச்சைமுத்து போனைக் கண்ணருகே பிடித்து, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்.

கெடுவுக்கு நாற்பது நொடி இருக்கையில் விண்ணப்ப எண் வந்தது. கலைமதி முதலில் மலையையும் பிறகு மற்றதையும் திருப்பி வைத்தாள். பழைய பெரிய படத்தை வைக்கத் துணிச்சல் வரவில்லை; கால்வாசிக்குச் சுருக்கி வைத்தாள். அதனால் காத்தாயி கால் மணியில் அடிவாரத்துக்கு வந்துவிட்டாள். அங்கே நின்ற புருஷனிடம், "அனுப்பியாச்சா?" என்று மட்டும் கேட்டாள். "ஆச்சி" என்றார் அவர். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

பிறகு அளக்க வந்த அதிகாரிகள், உயரமும் படிகளும் சரியாக இருப்பதாக எழுதிக்கொண்டு கால் வலிக்காமல் இறங்கிப் போனார்கள். கிட்டத்தில் பார்த்தால் பாறை கொஞ்சம் கட்டங்கட்டமாகத் தெரியும், அவ்வளவுதான். நிலா விழுப்புரத்தில் படிக்கிறாள். தொண்டூர்க்காரர்கள் ஒரு வருடம் பேசவில்லை, பிறகு பேசினார்கள். ஊரில் எந்த வீட்டுப் பெண்ணுக்காவது விண்ணப்பக் கெடு முடிகிற நாளென்றால், மலைமேல் வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு ஒரு நீளக் கயிறும் எடுத்துப் போகிறார்கள்.