காலணி கழற்றாத காவல்காரி

மழலையர் காப்பகத்தின் வாசலில் மூன்று வயதுக்காரி ஒருத்தி நான்கு நாளாகக் காவல் இருந்தாள். காலில் காலணி, மடியில் பை, கண்ணோ கதவின்மேல். பொம்மைகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சோற்றுக்கும் வாய் திறப்பதில்லை.

"டீச்சர், நம்ம வாட்ச்மேனுக்கு ஒரு யூனிஃபார்ம் தச்சுடலாமா?" என்றார் ஆயா.

ஆசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. பிழை யாருடையது என்று அவருக்குத் தெரியும். முதல் நாள், குழந்தை கட்டைகளை அடுக்கிக் கோபுரம் எழுப்புவதில் தன்னை மறந்திருந்தபோது, நழுவிவிடும்படி தாய்க்குக் கண்ணைக் காட்டியவர் அவரே. தாயும், கோழிக்கூண்டை விட்டுக் கிளம்பும் நரியைப் போல ஓசையின்றி வெளியேறினாள். குழந்தை திரும்பினால் அம்மா இல்லை! விளையாடினால் அம்மா மறைந்துபோவாள் என்று அந்தச் சின்னத் தலை முடிவு கட்டிக்கொண்டது.

ஐந்தாம் நாள் காலை தாய் கண்கலங்கி வந்து நின்றாள்.

"நான் வேலைய விட்டுடறேன் டீச்சர். புள்ள துரும்பா இளைச்சுட்டா."

"அவசரப்படாதீங்கம்மா. தப்பு என்னோடது, நானே சரி பண்றேன். இனிமே ஒளிஞ்சு போகவேண்டாம். சொல்லிட்டுப் போங்க. கதவ அவளே சாத்தட்டும்."

"சொன்னா அழுவாளே!"

"அழட்டும். ஏமாந்து அழறதுக்குத் தெரிஞ்சு அழறது எவ்வளவோ தேவல."

தாய் மண்டியிட்டாள். "கண்ணு, அம்மா வேலைக்குப் போறேன். நீ தூங்கி எழுந்ததும் வந்துடுவேன்."

குழந்தை கதவைச் சாத்தினாள். பிறகு கூரையே பிய்ந்துவிடும்போல் அழுதாள். ஆசிரியை பொம்மை காட்டி மழுப்பவில்லை. பக்கத்தில் தரையில் அமர்ந்து, "அம்மா வேணும்போல இருக்கா? இருக்கும்டா, இருக்கும்" என்றார். அன்று காலணியோடுதான் தூங்கினாள். விழித்தபோது, சொன்ன சொல் தவறாமல் தாய் வாசலில் நின்றிருந்தாள்.

மறுமுறை அழுகை பாதியாயிற்று. அதற்கடுத்து விசும்பலாகத் தேய்ந்தது. அடுத்த வாரம் ஒரு காலையில் கிளம்ப மனம் வராமல் நின்றவள் தாய்தான். ஒரு முத்தம், இன்னொன்று, மற்றொன்று.

"அழமாட்டியே கண்ணு?"

குழந்தை இரு கைகளாலும் அவளைத் தள்ளினாள். "நேரமாச்சும்மா, போ! நான் எழுந்ததும் வா!"

கதவு படாரென்று சாத்தப்பட்டது. குழந்தை உட்கார்ந்து காலணிகளைக் கழற்றி, மற்றப் பிள்ளைகளின் வரிசையில் வைத்தாள்.

"டீச்சர், வாட்ச்மேன் ராஜினாமா!" என்று கூவினார் ஆயா.

ஆசிரியையால் எழுந்து வர முடியவில்லை. அதற்குள் குழந்தை அவரைக் கட்டைகளிடம் இழுத்துப்போய் உட்காரவைத்து, கையில் ஒரு கட்டையைத் திணித்திருந்தாள். கோபுரம் சாயாமல் அதை முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்கும்படி உத்தரவு. கதவுக்கு முதுகைக் காட்டியபடி குழந்தை அடுத்த கட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள்.